நாலு வார்த்தை

“நாலே நாலு வார்த்தைதான்ணே. அரை மணி கழிச்சுக் கூப்பிடுவேன். மனசுல நிக்கிறதச் சொல்லுங்க, போதும்” என்று சிரித்தாள் தலைமை ஆபீஸிலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரம்மா. “வெல்போரா, லுபாந்தி, மியாரா, சிலேட்டினா.”

கட்டையனுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. சோப்புக் கம்பெனியில் பெட்டி கட்ட வந்து இருபத்தோரு வருஷம். போன மாசம்தான் இரண்டு கிழடுகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தது யாரென்று பொறுக்கத்தான் எல்லாருக்கும் இந்தப் பரீட்சை. வேறெதற்கு?

வெல்போரா, லுபாந்தி என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

“என்னண்ணே, வீட்டுல சண்டையா?” என்றான் மேஸ்திரி.

“சும்மா இருடா!”

இரண்டு வார்த்தை அங்கேயே விழுந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரனிடம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பயத்தில் கை வியர்த்தது. கையெல்லாம் சோப்புத் தூள். பேனா மை நுரைத்துப் போனது.

கடைசியில் ஒவ்வொன்றையும் தெரிந்த வார்த்தைகளோடு முடிச்சுப் போட்டு வைத்தார். அவைதான் ஒட்டிக்கொண்டன.

கூப்பிட்டார்கள்.

“சொல்லுங்கண்ணே.”

“வேல போச்சா... வாந்தி... மாமியார்... சிலேட்டு.”

அவள் முகம் வெளுத்தது. “ஒண்ணுகூடவா நிக்கல?”

“அம்மா, நம்ம கம்பெனி சோப்பு இருபத்தாறு வகையும் கடகடன்னு சொல்றேன், கேளுங்க! தலைகீழா வேணாலும்...”

“அது வேணாம்ணே.” நாலு சிவப்புக் கோடு இழுத்தாள்.

முடிந்தது கதை. கட்டையன் தன் அலமாரியைத் திறந்து, செருப்பையும் பழைய சட்டையையும் பைக்குள் திணித்தார். பெண்டாட்டிக்குப் போன் போட்டார்.

“எனக்கு மூள மழுங்கிடுச்சுடி. வேல போயிடுச்சு.”

“நேத்து ஒழுங்காத்தானே இருந்தீங்க!”

“இன்னிக்குப் போச்சு. அவ்வளவுதான்.”

டீ கொண்டுவந்த அக்கா பையைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

“எங்கண்ணே கிளம்பிட்ட? அந்த வார்த்தையெல்லாம் புது சோப்புக்கு அந்தம்மா யோசிச்சு வச்ச பேருங்க. ஒருத்தருக்கும் நிக்கலையாம், உள்ள முதலாளி முன்னாடி நின்னு, ‘என் வேலைய மட்டும் எடுத்துடாதீங்க’ன்னு அழுதுக்கிட்டிருக்கு.”