சனிக்கிழமை நீச்சல்

ஃபேவர்ஷம், கென்ட்
ஜூன் கடைசி ஞாயிறு, மதியம்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ரோசலிண்டுக்கு, தம்பி கிளைவ் எழுதுவது. இங்கே நான், ஹெதர், குழந்தை ஈடி மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். அபர்டீனில் நீயும் அலஸ்டர் அத்தானும் சுகம் என்றும், துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் நீ சொன்ன வழியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கின்றன என்றும் நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். பாதியில் நீ சிரித்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஈடிக்குச் செப்டம்பரில் அந்தப் பரீட்சை. உங்கள் ஸ்காட்லாந்துப் பக்கம் அந்தப் பீடை கிடையாது, கொடுத்து வைத்தவர்கள். இங்கே நீயும் நானும் எழுதிய அதே பரீட்சைதான்: தேறினால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கிராமர் பள்ளி, தேறாவிட்டால் "பரவாயில்லை, மனசைத் தளரவிடாதே" பள்ளி. போன வருஷம் மே மாதம் பக்கத்து வீட்டு கிரஹாம் இக்கிள்ஸ்டனும் அவர் மனைவி பிப்பாவும் தோட்டத்தில் சாசேஜ் சுட்டுத் தெருவையே கூப்பிட்டார்கள். அவர்கள் பையன் மாண்டி ஈடியின் வகுப்புதான். அங்கே பேச்சு பரீட்சைப் பக்கம் திரும்பியதும் பிப்பா நெஞ்சில் கை வைத்து, "குழந்தைங்க குழந்தைங்களா இருக்கட்டும். யாரும் டியூஷன் வைக்கக் கூடாது, சரியா?" என்றாள். எல்லாரும் சரி என்றோம். சாசேஜ் எண்ணெய்க் கையாலேயே கை குலுக்கிக்கொண்டோம். அன்றைக்கு எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மனிதர்கள் என்றால் இவர்கள் அல்லவா என்று வழியெல்லாம் ஹெதரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை ஹெதர் ஓடி வந்தாள். "கிளைவ், மாண்டி எங்கேயோ படிக்கிறான்" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "வாசல்ல நின்னு எங்கிட்ட மணி கேட்டான். சொன்னேன். உடனே, இப்ப பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் நடுவுல எத்தனை டிகிரின்னு அவனே கேட்டுக்கிட்டு அவனே பதில் சொல்லிக்கிட்டுப் போறான். எந்தப் பிள்ளை லீவு நாள்ல தானா அப்படிப் பண்ணும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாம கை குலுக்கியிருக்கோம் ஹெதர்" என்றேன். "கை குலுக்கினது நாம. பரீட்சை எழுதப்போறது அவ" என்றாள். "டியூஷன் வெச்சு உள்ள தள்ளிட்டா, அப்புறம் ஏழு வருஷமும் தள்ளிக்கிட்டே இருக்கணுமே?" என்றேன். "வெக்காம விட்டு ரெண்டு மார்க்குல போச்சுன்னா அவ முகத்தை நீ பாப்பியா, நான் பாக்கணுமா?" என்றாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டபின் பார்த்தால் நல்ல வாத்தியார் ஒருத்தரிடமும் இடமில்லை. சிலரிடம் குழந்தை பிறந்த கையோடு பெயர் பதிந்துவிடுகிறார்களாம் அக்கா! கடைசியில் ஹெர்ன் பே கடற்கரைப் பக்கம் பென்ஃபோல்ட் என்று ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அகப்பட்டார். சனிக்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும், நீ ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. இந்த ஊரில் பிள்ளைக்கு டியூஷன் வைப்பது தப்பே இல்லை. வைத்திருக்கிறோம் என்று சொல்வதுதான் தப்பு. பிள்ளை புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தது, அப்படியே எழுந்து போய் எழுதித் தேறிவிட்டது என்று சொன்னால்தான் மரியாதை. ஆகவே ஈடி சனிக்கிழமைதோறும் ஹெர்ன் பேயில் நீச்சல் கற்கிறாள் என்று தெருவில் சொல்லிவைத்தோம். சும்மா சொன்னால் நம்புவார்களா? திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, பாட்டில் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, துண்டையும் நீச்சலுடையையும் நனைத்துப் பிழிந்து கொண்டுவருவோம். ஜனவரிக் குளிரிலும் அதைச் செய்தோம், என்ன சொல்ல. பிப்பா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எங்க மீன்குஞ்சு வந்துடுச்சா?" என்பாள். ஈடி பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்கு மல்லாக்க நீந்தினேன் ஆன்ட்டி" என்பாள். மாண்டி மட்டும் என்ன, அவன் சனிக்கிழமைகளில் செல்லோ என்கிற பெரிய வயலின் கற்கிறானாம். அவனைவிடப் பெரிய பெட்டியை கிரஹாம் காரில் ஏற்றுவதைப் பார்ப்போம். அந்த வீட்டிலிருந்து ஒரு நாள்கூட ஒரு சத்தமும் கேட்டதில்லை. அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பென்ஃபோல்டுக்கு முந்தைய வகுப்பு இழுத்துக்கொண்டே போய்விட்டது. அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தைப் பார்க்க விடமாட்டார், எல்லாரும் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. ஈடியை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு என்னைத் தோட்டத்துப் பக்கம் தள்ளி, "மண்வெட்டி வைக்கிற ஷெட்ல கொஞ்சம் நில்லுங்க, முன்வாசல் காலியானதும் கூப்பிடறேன்" என்றார். போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே மண்வெட்டிக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் நடுவில், செல்லோப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிரஹாம் இக்கிள்ஸ்டன் நிற்கிறார்! எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும்தான். பெட்டி லேசாகத் திறந்திருந்தது, உள்ளே செல்லோ இல்லை, மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாக இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். பார்த்ததும் இருவரும் கூரையைப் பார்த்தோம்.

"நல்ல வெயில் இல்ல?" என்றார்.

"ஆமா. சாயங்காலம் மழைங்கறாங்க" என்றேன்.

"தோட்டத்துக்கு நல்லது."

"ரொம்ப நல்லது."

அதோடு விட்டதா? மறுபடி கதவு திறந்து வந்தது யார் தெரியுமா? ஈடியின் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை மிசஸ் குட்ஹ்யூ! "டியூஷன் பிள்ளைகளின் மகிழ்ச்சியைத் திருடுகிறது" என்று அதற்கு முந்தின மாதம்தான் பெற்றோர் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவர். தன் பேத்தியை அழைத்து வந்திருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷெட் ரொம்ப உறுதியா இருக்கே. தேவதாரு மரமா?" என்றார். கிரஹாம் பலகையைத் தட்டிப் பார்த்து, "பைன்னு நினைக்கிறேன்" என்றார். நானும் தட்டிப் பார்த்தேன். பென்ஃபோல்ட் வந்து விடுவிக்கும்வரை மூன்று பேரும் அந்த ஷெட்டைப் புகழ்ந்துகொண்டே இருந்தோம். அதற்குப் பின் இன்றுவரை ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஈடியின் தலையை நனைத்துத்தான் கூட்டிவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் அக்கா, சாப்பிடுகிற எல்லாரும் சேர்ந்து மறைத்தால்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. போன வெள்ளிக்கிழமை பள்ளி நீச்சல் போட்டி. ஈடி துண்டு எடுத்துக்கொடுக்கிற வேலை செய்வாள் என்று நினைத்து, நான் பல்செட் செய்கிற கடைக்கு லீவு போட்டுவிட்டு, நானும் ஹெதரும் வேடிக்கை பார்க்கப் போனோம். தொடர் நீச்சலில் கடைசிச் சுற்று, ஆழமான பக்கத்து மேடையில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். யார் என்று பார்த்தால் எங்கள் ஈடி. பின்வரிசையிலிருந்து பிப்பா என் தோளைத் தட்டி, "நான்தான் டீச்சர்கிட்ட சொன்னேன், வாரா வாரம் ஹெர்ன் பே போறவளை விட்டுட்டு யாரை எடுப்பீங்கன்னு!" என்றாள். பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்று ஈடி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு மிதவையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் அகலத்தைக் கடக்கத் தெரியும், அவ்வளவுதான். ஹெதர் என் கையில் நகம் பதியப் பிடித்தாள். "அவளுக்கு நீச்சல் தெரியாது!" என்று ஒரு வார்த்தை நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை அக்கா. மிசஸ் குட்ஹ்யூ எதிரில் இருந்தார், தெருவே இருந்தது, வாய் திறக்க வரவில்லை. அதற்குள் முந்தைய பெண் சுவரைத் தொட்டுவிட்டாள். ஈடி எங்களை ஒரு தடவை பார்த்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டாள்.

குதித்தவள் மேலே வரவில்லை. நான் ஷூ, கண்ணாடி, போன், சட்டைப்பையில் இருந்த யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல் எல்லாவற்றோடும் குதித்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. காவலுக்கு இருந்த பெண் ஒரே பாய்ச்சலில் ஈடியைத் தூக்கி மேலே விட்டுவிட்டு, அலுத்துக்கொண்டே திரும்பி வந்து என்னையும் இழுத்துப் போட்டாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இரண்டு இருமல், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். ஹெதர் துண்டைச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். நான் குனிந்து, "ஏன் கண்ணு சொல்லலே? எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவள் என் காதில் வாயை வைத்து, "சொன்னா நம்ம விஷயம் தெரிஞ்சுடுமே அப்பா. நான் யார்கிட்டயும் சொல்லலே" என்றாள். ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொல்கிறாள். பத்து வயசுப் பெண் எங்கள் பொய்யைக் காப்பாற்றத் தண்ணிக்குள்ளே போயிருக்கிறாள். நான் என்ன அப்பன் அக்கா?

அதிலிருந்து நானும் ஹெதரும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டே மாசம்" என்று அவள் சொன்னால் நான் வேண்டாம் என்கிறேன். "போதும், விட்டுடலாம்" என்று அவள் சொன்னால், இத்தனை சனிக்கிழமையும் வீணா என்று எனக்குப் பதறுகிறது. கடைசியில் உன்னை நினைத்துத்தான் முடிவுக்கு வந்தோம். கிராமர் பள்ளியில் லத்தீன் படித்த நான் மெய்ட்ஸ்டோனில் பல்செட் செய்கிறேன். தேறாத நீ கப்பல்களுக்கு வழி காட்டுகிறாய். ஆனாலும் அந்தப் பரீட்சை முடிவு வந்த நாள் நீ குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே வராமல் இருந்தது எனக்கு மறக்கவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் ஈடி உட்காரக் கூடாது. நாளை மறுநாளோடு பதிவு முடிகிறது, அதற்குள் பெயரை எடுத்துவிட்டால் எடுத்ததுதான், மறுபடி சேர்க்க முடியாது. எடுத்துவிடும்படி கல்வி அலுவலகத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்து அதையும் பெட்டியில் போடப் போகிறேன். இனி டியூஷன் இல்லை, பரீட்சை இல்லை, பொய் இல்லை. மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை இனிமேலாவது சந்தோஷமாக இருப்பாள்.

அலஸ்டர் அத்தானுக்கு எங்கள் வணக்கம். ஈடி தன் அத்தைக்கு முத்தங்கள் அனுப்பச் சொன்னாள். கடல் கொந்தளிக்கிற நாட்களில் பத்திரமாக இரு. உன் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும் வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் அன்புத் தம்பி,
கிளைவ் டாப்செல்

பி.கு.: அக்கா, மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை விட்டுவிடு. உறையில் தபால்தலை ஒட்டும்போது ஈடி ரொட்டிக்கு ஜாம் தேடிக்கொண்டு வந்தாள், மேசைமேல் இருந்த மற்ற உறையைப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். "யாரைக் கேட்டு என் பேரை எடுக்கறீங்க?" என்றாள். நானும் ஹெதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிப்பாவைக் கேட்டோம், பென்ஃபோல்டைக் கேட்டோம், மனசுக்குள் உன்னைக்கூடக் கேட்டோம். இவளை ஒரு நாளும் கேட்டதில்லை. "உன் சந்தோஷத்துக்குத்தான் கண்ணு" என்றாள் ஹெதர். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் பிடிச்சிருக்கும்மா. பென்ஃபோல்ட் சார் வீட்ல மட்டுந்தான் யாரும் நான் சந்தோஷமா இருக்கேனான்னு கேக்கறதில்லை" என்றாள். "தேறலேன்னா?" என்றேன். "தேறலேன்னா அழுவேன். அப்புறம் நிறுத்திடுவேன். நீங்க ரெண்டு பேரும் நிறுத்துவீங்களா?" என்றாள். உறையைக் கிழித்துவிட்டேன். பரீட்சை எழுதுகிறாள், டியூஷனும் போகிறாள், நிஜமாகவே நீச்சலும் கற்கிறாளாம். ஆனால் இனிமேல் தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டாளாம், பிப்பாவிடம் உள்ளதைச் சொல்லியாக வேண்டுமாம். யார் போய்ச் சொல்வது என்று ஹெதர் என்னைத் தள்ளுகிறாள், நான் ஹெதரைத் தள்ளுகிறேன், அதற்குள் ஈடியே வெளியே போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டாள். ஜன்னலோரம் ஒளிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். பிப்பாவின் குரல் நன்றாகவே கேட்கிறது: "ஐயையோ, டியூஷனா! அப்படியெல்லாம் ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாதே கண்ணு!" இப்போது மேல் மாடியிலிருந்து மாண்டி கத்துகிறான்: "அம்மா! அப்ப ஈடியும் நம்ம கார்லயே வரட்டுமே! எனக்கு அடுத்த கிளாஸ் அவளுதுதானே!"