சப்வூஃபருக்குள் இருந்த இலவம் பஞ்சு

ஒரு மனிதரின் தொழிலை நான் ஒரு மஞ்சள் பை இலவம் பஞ்சை வைத்துக் கெடுத்தேன். அவர் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. என் நாற்காலிக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் இயற்பியல் கற்பித்தவன் நான். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு காலம் இருக்கும் ஆசிரியருக்கு இயற்பியல் வளர்கிறதோ இல்லையோ, சந்தேகம் வளர்ந்துவிடும். ஊசல் குண்டைத் தொடாமலேயே இருபது அலைவுக்கான நேரத்தை எழுதும் பிள்ளைகளையும், பக்கத்து மேசைக்காரனின் அளவீட்டில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதும் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து என் கண் ஒரு மாதிரி சுருங்கிப்போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது விரியவில்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டில் ஒரு மானி வைத்திருந்தேன். (பால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவார்.)

நான் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் இருக்கும் மகள் பெரிய டிவி ஒன்று வாங்கித் தந்தாள். படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது, சத்தம் மட்டும் கொசு மாதிரி இருந்தது. "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஏழுமலைன்னு ஒருத்தர் இருக்கார், ஹோம் தியேட்டர் அவரே கட்டித் தருவார்" என்று யாரோ சொன்னார்கள்.

ஏழுமலை கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஸ்பீக்கர் பெட்டியைத் தானே பிளைவுட் அறுத்து, ஒட்டி, இழைத்துச் செய்வார். "பெட்டி பேசும் சார், நான் பேச மாட்டேன்" என்பார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுவார். எங்கள் ஹாலில் ஐந்து சின்னப் பெட்டிகளை மாட்டி, டிவிக்குப் பக்கத்து மூலையில் அரிசி டின் அளவுக்கு ஒரு சப்வூஃபரை வைத்தார். கனமான சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும் என்றார். மாட்டி முடித்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. "கேட்டுட்டு சொல்லுங்க சார்" என்று கிளம்பினார்.

அந்தச் சமயம் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் மாடியில் தியேட்டர் மாதிரி ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை முழுவதையும் ஏழுமலைக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி ஏழுமலை பக்கத்துக் கடையையும் வாடகைக்குப் பிடித்து, மனைவியையும் இரண்டு மகள்களையும் மலையிலிருந்து அழைத்து வந்து, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தார். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். என்னை டீக்கடையில் பார்த்தபோது எல்லார் முன்னாலும் சொன்னார்: "சார் வூட்லயும் ஒண்ணு போட்ருக்காராமே. நீங்க பிசிக்ஸ். நீங்க கேட்டுட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் சார், கண்ண மூடிக்கினு குடுத்துடுவேன்."

முப்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிப் பணிவாக ஒரு தீர்ப்புக் கேட்டதில்லை. எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

விஞ்ஞான முறைப்படி சோதிப்பதென்று முடிவு செய்தேன். மருமகனிடம் சொல்லி ஒரு சிடி வரவழைத்தேன். அதில் பாட்டு கிடையாது. நொடிக்கு நூறு அதிர்விலிருந்து படிப்படியாக இறங்கி இருபது வரை போகும் வெறும் ஒலிகள். ஒரு நோட்டில் 'கேட்டது', 'கேட்கவில்லை' என்று இரண்டு பத்தி போட்டேன். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தேன், காது பொய் சொன்னாலும் தண்ணீர் சொல்லாதல்லவா. பிறகு உட்கார்ந்தேன்.

எங்கே உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் மனிதன் எங்கே உட்காருவான்? மின்விசிறிக்கு நேர் கீழே. எங்கள் ஹால் பதினாறுக்குப் பதினாறு. சதுரமாக இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னார், கட்டினோம். சதுரத்தின் சரியான நடுவில் மின்விசிறி. அதற்கு அடியில் நாற்காலி. குடிபுகுந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. தரையில் அதன் கால் தடம்கூடப் பதிந்திருக்கும்.

எழுபது அதிர்வில் பெட்டி 'பொம்' என்று ஊளையிட்டது. சின்னப் பெட்டிகளை வாங்கிவிட்டுச் சப்வூஃபர் என்று காட்டுபவர்கள் செய்யும் வேலை அதுதான். நடுத்தரச் சத்தத்தை உப்ப வைத்து, ஆழமான சத்தம் என்று நம்ப வைப்பார்கள். ஐம்பதில் குறைந்தது. முப்பத்தைந்தில் ஒன்றுமே இல்லை. தம்ளரில் தண்ணீர் ஆடிமாதத்துக்கு முந்தைய கோமுகி அணை மாதிரி அசையாமல் கிடந்தது. நான் அந்த ஒலியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா வந்தாள்.

"ஏங்க, அலமாரில தம்ளரெல்லாம் தானா ஆடிக்கினு இருக்குது."

"எலியா இருக்கும்."

"எலி பத்து தம்ளரையும் ஒரே நேரத்துல ஆட்டுமா?"

"பெரிய எலியா இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றே எலிப்பொறி வாங்கி, கருவாட்டுத் துண்டு மாட்டி, அலமாரிக்கு அடியில் வைத்தேன். மூன்று நாளில் அதில் சிக்கியது என் கட்டைவிரல் மட்டும்தான். இதற்கிடையில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தானாக ஆடியது. காற்று என்று முடிவு செய்தேன். (எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று நானே சாத்தியிருந்தேன்.) பக்கத்து வீட்டுக்காரர் வந்து, சுவர் உறுமுகிறது, கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்றார். ஏழுமலை இவரிடம் சொல்லிப் பேச வைக்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். நான் சந்தேகப்படாமல் விட்டது நாற்காலியை மட்டும்தான்.

நான்காம் நாள் திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நிறைய இலவம் பஞ்சு.

காப்பியடித்த நோட்டைப் பிடித்த தேர்வாளரின் மகிழ்ச்சி எனக்கு வந்தது. உள்ளே எந்திரம் இருக்க வேண்டிய இடத்தில் தலையணைப் பஞ்சை அடைத்துக் கனம் காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். பஞ்சு கனம் காட்டாது என்பது அந்த நேரத்தில் ஒரு இயற்பியல் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டு, பெட்டியைத் திரும்ப மூடிவிட்டு நேராக டீக்கடைக்குப் போனேன். டாக்டரும் இருந்தார்.

"இன்னா சார், மெத்த தைக்கப் போறீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஏழுமலையோட சப்வூஃபர்லேர்ந்து எடுத்தது" என்றேன். ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் வைத்தேன். நோட்டைத் திறந்து 'கேட்கவில்லை' பத்தியைக் காட்டினேன். யாரும் நோட்டைப் பார்க்கவில்லை, எல்லாரும் பஞ்சைத்தான் பார்த்தார்கள். டாக்டர் ஒரு துணுக்கை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்று மாலையே ஏழுமலை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், பஞ்சு வெக்கறது ஒரு கணக்கு சார். பெட்டிக்குள்ள சத்தம் மோதித் திரும்பக் கூடாது, அதுக்குத்தான்."

"இலவம் பஞ்சு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல சார். மலைல இருக்குது. நல்லா வேல செய்யுது." செருப்பைக் கழற்றினார். "நான் உள்ள வந்து ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டுங்களா?"

விடவில்லை. உள்ளே வந்தால் எதையாவது மாற்றிவைத்துவிடுவார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் மூடிய கதவுகளில் இன்றும் எனக்குச் சத்தம் கேட்கிற கதவு அதுதான். உள்ளே வந்திருந்தால் சுவரோரமாகத்தான் நின்றிருப்பார், ஒரே நிமிஷத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

ஊரில் அவருக்குப் 'பஞ்சுப்பெட்டி' என்று பெயர் விழுந்தது. டாக்டர் சென்னையிலிருந்து ரெடிமேடாக ஒரு செட் வரவழைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் ஏழுமலை இரண்டு கடையையும் காலி செய்துவிட்டு, குடும்பத்தோடு மலையேறிவிட்டார். நான் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குப் பெருமைதான் பட்டேன். மிச்சமிருந்த பஞ்சைச் சரோஜா எனக்கொரு தலையணையில் அடைத்துக் கொடுத்தாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

சித்திரையில் மின்விசிறி நின்றுபோனது. மெக்கானிக் அதைக் கழற்றிக்கொண்டு போனார். காற்றுக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம், சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு படம் பார்த்தேன். அதில் இடி இடித்தது.

என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மூக்குக் கண்ணாடி இறங்கியது. மாரடைப்பு என்றே நினைத்தேன். (கடைசியில் என் இதயத்தையும் சந்தேகப்பட்டாயிற்று.) மறுபடி இடித்தது, மறுபடி அதிர்ந்தது. மெல்ல எழுந்து அந்தச் சிடியைப் போட்டேன். முப்பத்தைந்து. சுவரோரம் நின்றால் வயிற்றுக்குள் யாரோ உருளைக்கல் உருட்டுகிற மாதிரி இருக்கிறது. நாற்காலி வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நடந்தால் மறைந்துவிடுகிறது. எதிர்ச்சுவருக்குப் போனால் திரும்ப வருகிறது. எட்டு தடவை போய் வந்தேன்.

"இன்னாங்க, காவடி எடுக்கறீங்களா?" என்றாள் சரோஜா.

முப்பது வருஷமாக நான் கரும்பலகையில் வரைந்த படம் கண் முன்னால் நின்றது. ஆழமான சத்தத்தின் அலை மிக நீளம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது, பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை மாதிரி ஆடும். இரண்டு ஓரமும் ஏறி இறங்கும், நடுவில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அதுவே இரண்டு மடங்கு வேகமான சத்தம் என்றால் நடுவில் வந்துதான் குவியும். எழுபதில் ஊளை, முப்பத்தைந்தில் மௌனம். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. எலியும் காற்றும் பக்கத்து வீட்டுக்காரரும்கூட ஒழுங்காகத்தான் இருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கருவிதான் பழுது.

அன்றிலிருந்து அந்தத் தலையணை எனக்குக் குத்த ஆரம்பித்தது. நான்காம் நாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினேன்.

ஏழுமலை மரவள்ளிக் கொல்லையில் இருந்தார். என்னைப் பார்த்தும் கிழங்கு பிடுங்குவதை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சீசாப் பலகை உட்பட. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"யாருமே இல்லாத எடத்துல வந்து மன்னிப்புக் கேக்கறீங்க. மரவள்ளிக்கி இன்னா தெரியும் சார்?" என்றார். "பஞ்ச தூக்கிக்கினு டீக்கடைக்குப் போனீங்கல்ல. அதே பை, அதே டீக்கடை. அங்க சொல்லுங்க."

சரி என்றேன். அவர் இன்னொரு செடியைப் பிடுங்கினார்.

"பஞ்ச பெட்டில திருப்பி வெச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. தலையணைல அடைச்சாச்சு."

கிழங்கைக் கையில் பிடித்தபடி அப்படியே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "தூக்கம் வருதுங்களா?"

"இப்பல்லாம் வர்றதில்ல."

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு பை நிறையக் கிழங்கு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தலையணையைப் பிரித்து, அதே மஞ்சள் பையில் பஞ்சைப் போட்டுக்கொண்டு, அதே டீக்கடைக்குப் போனேன். மேசையில் டீயைத் தொட்டு அலை வரைந்து விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. "சார் மலைக்குப் போய்ட்டு வந்தாராமே" என்றது ஒரு குரல். "பை நெறைய வாங்கிக்கினு வந்தாராம், பஸ்ல பாத்தாங்க" என்றது இன்னொன்று. என் வாழ்நாளில் முதல் முறையாக என்னை யாரோ சந்தேகப்பட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேறு வழியில்லை. எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துப் போனேன். முப்பத்தைந்தைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து நடுக்கூடம் வரை நடக்கச் சொன்னேன். ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் வாய் பேசாமல் என் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். சரோஜா காபித் தட்டோடு வழி கிடைக்காமல் நின்றாள். கடைசியாக நடந்த டாக்டர் நடுவில் போய் நின்று மேலே பார்த்தார்.

"சார், என் ரூம்லயும் ஃபேன் நடுவுலதான். அந்தச் சென்னை செட்டுலயும் கனமான சத்தம் இல்லன்னு திருப்பி அனுப்பலாம்னு இருந்தேன்."

"நாற்காலிய நகத்திப் பாருங்க" என்றேன். வீட்டுக்குப் போய் நகர்த்தினார். அவருக்கும் கேட்டது, சென்னை செட்டைத் திருப்பி அனுப்பவில்லை. அதனால் ஏழுமலைக்கு அந்த வேலை கடைசி வரை கிடைக்கவில்லை. என் பரிகாரத்தால் நேரடியாகப் பலனடைந்தது சென்னைக் கம்பெனிதான்.

ஆனாலும் பஞ்சுப்பெட்டி என்ற பெயர் அவரை விட்டு என்மேல் வந்து விழுந்தது. நான் பஞ்சு வாத்தியார் ஆனேன், இன்றும் அதுதான். பொங்கல் கழிந்து ஏழுமலை கச்சிராயபாளையத்தில் கடை போட்டார். கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வரவில்லை. யார் போய்க் கேட்டாலும் முதலில், "ஃபேன் எங்க மாட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறாராம். தொழில் நன்றாக நடக்கிறது. பெரிய மகளுக்குப் படிப்பில் ஒரு வருஷம் போனது மட்டும் போனதுதான். அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

அவர் என் வீட்டுக்கு மறுபடி வந்ததில்லை. ஒரு நாள் பஸ் கண்டக்டர் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே புது இலவம் பஞ்சு, ஒரு துண்டுச் சீட்டு. 'பெட்டிக்கு மட்டும். தலையணைக்கு இல்லை' என்று எழுதியிருந்தது. சொன்னபடியே செய்தேன்.

மின்விசிறி பழைய இடத்தில்தான் சுற்றுகிறது. நாற்காலி சுவரோரம் இருக்கிறது, வியர்வையோடு. சாப்பிடும்போது குழம்பில் உப்பு கம்மி என்று நான் வாய் திறந்தால் போதும், சரோஜா தலை நிமிராமல் சொல்வாள்: "எழுந்து சுவரோரமா போய் உக்காந்து சாப்ட்டுப் பாருங்க." பேரப்பிள்ளைகள் வரை இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நான் எழுந்து போகிறேன். பல நாள், உப்பு சரியாகத்தான் இருக்கிறது.