மைனஸ் மாமாவும் மாதா பீடத்து ரௌட்டரும்

காற்றுக்கு என்ன நோய் என்று நாடி பிடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்தச் சென்னையிலேயே எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில்தான் குடியிருந்தார். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். சத்தியம் செய்யக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பதால், செய்யாமலே சொல்கிறேன்.

அவரை எல்லோரும் மைனஸ் மாமா என்போம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தபால் பெட்டியில் மூன்று இனிஷியல் மட்டும் இருந்தது. மிச்சத்தை மழை அழித்துவிட்டது. ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இழுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் மெரினாவில் நடப்பார்கள். இவர் லேப்டாப்பை ஒரு பழைய ஸ்கூல் பை வாரில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுண்டல் விற்கிறவர் மாதிரி மாடிப்படிகளில் நடப்பார். அந்த லேப்டாப்பில் வைஃபை அலைகளை அளக்கும் ஸ்கேனர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று படிக்கு ஒரு தரம் நின்று, ஒரு எண்ணைப் படித்து, கையிலிருக்கும் சார்ட் பேப்பரில் புள்ளி வைப்பார்.

அந்த எண்கள் எல்லாமே மைனஸில்தான் வரும்.

"மைனஸ் முப்பதுன்னா சன்னதிக்கு நேர நிக்கறேள்னு அர்த்தம். அறுபத்தஞ்சு வரைக்கும் வீடியோவுல மூஞ்சி தெரியும். எண்பதைத் தாண்டிட்டா ஐ.சி.யு. தொண்ணூறுன்னா சொல்லியனுப்ப வேண்டியதுதான்" என்பார்.

நாளடைவில் அவருக்கு உலகமே அந்த அளவில்தான் தெரிந்தது. என் காபியைக் குடித்துவிட்டு, "மைனஸ் நாப்பத்திரண்டு, நன்னாருக்கு" என்பார். என் வீட்டுக்காரர் வாய்க்குள்ளேயே பேசுகிறவர். அவரைப் பார்த்து, "உங்க ஆத்துக்காரர் எப்பவும் மைனஸ் எண்பத்தஞ்சு. வாய் அசையறது, டேட்டா வரமாட்டேங்கறது" என்றார். நானும் இருபத்தாறு வருஷமாக அதைத்தான் சொல்லி வந்தேன். எனக்கு எண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த மனிதரிடம் கைகட்டி நிற்கும் நாள் ஒன்று வந்தது.

என் மகள் ஸ்டெல்லா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காக மூன்று வருஷம் பாஷை படித்து, பரீட்சை எழுதி, கடைசியில் வீடியோவில் நேர்காணல் வரைக்கும் வந்துவிட்டாள். வியாழக்கிழமை காலை, பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது படம் நின்றுவிட்டது. கேள்வி கேட்ட அம்மாளுக்கு, வாயைப் பாதி திறந்தபடி சிலையாகிப்போன என் மகள்தான் ஐந்து நிமிஷம் தெரிந்திருக்கிறாள். அப்புறம் அதுவும் தெரியவில்லை.

மாலையில் மெயில் வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இன்னொரு தரம் பேசலாம். மறுபடியும் இணைப்பு அறுந்தால் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஸ்டெல்லா அழவில்லை. அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அதுதான் பயம். கைப்பேசி சிக்னலோ எங்கள் தரைத்தளத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. முன் ஹாலில் உட்காரலாம் என்றால் தெருச் சத்தம் அத்தனையும் நேர்காணலுக்கு வந்துவிடும்.

மைனஸ் மாமா வெள்ளிக்கிழமை காலையே சார்ட் பேப்பரோடு வந்தார். எங்கள் வீட்டைக் கட்டம் போட்டு வரைந்துகொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பிறகு எங்களை வெளியேற்ற ஆரம்பித்தார்.

"மனுஷான்னா யாரு? தண்ணிப்பை. அலையெல்லாம் குடிச்சுடுவா. யாரும் குறுக்க நிக்கப்படாது."

என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றார். மாமா முறைத்தார். "சார், இப்பத்தானே ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேள்? நீங்க தெருவுக்கே போயிடுங்கோ."

ஸ்கேனரில் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை பதினொன்றும் ஆறாம் நம்பர் சேனலில் நெரிந்துகொண்டிருந்தன. "ஒரே பஸ்ஸுல பதினோரு குடும்பம் ஃபுட்போர்டு அடிக்கறது. ஒண்ணாம் நம்பரும் பதினொண்ணாம் நம்பரும் காலியா காத்து வாங்கிண்டு போறது. கேப்பாரில்லை!" என்று தலையில் அடித்துக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, பாதிப் பேரை வேறு நம்பருக்கு மாற்றிவிட்டார். எங்கள் வீட்டையும் மாற்றினார்.

அடுத்தது கன்னியம்மா. எங்கள் எதிர்வீடு. விடிகாலையில் நொச்சிக்குப்பத்துக்குப் போய் ரோட்டோரம் மீன் விற்றுவிட்டு, பதினொரு மணிக்கு வந்து சோற்றை மைக்ரோவேவ் அடுப்பில் சூடு பண்ணிச் சாப்பிடுவாள். அந்த அடுப்பு ஓடும்போதெல்லாம் ஸ்கேனரில் கோடு காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. வியாழக்கிழமை படம் நின்றதும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

"திங்கக்கிழமை மட்டும் பதினொண்ணுலேந்து பன்னண்டு வரைக்கும் அடுப்ப தொடாதேள்" என்றார் மாமா.

"இன்னா நைனா, நல்லாகீது உன் நாயம்! காலைலருந்து கூவிக்கினு கீறேன். நான் துன்றது உன் பொட்டிக்கு எங்க நோவுது?"

"அலை கலையறதும்மா."

"கடல்லயே அலைய பாக்கிறவ நான். என் கைல அலை கதை வுடுறியா? போ போ, சோலிய பாரு."

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தேன். பின்னறையில் எண் மைனஸ் எழுபத்தொன்பது. ஐ.சி.யு. வாசல்.

மாமா வரைபடத்தை விரித்தார். வாசல், அடுப்படி, பின்னறை எல்லாம் சிவப்பு. எல்லாச் சிவப்பும் ஹாலில் ஒரே மூலையைச் சுற்றிப் பரவியிருந்தது. அந்த மூலையில் மட்டும் அவர் புள்ளியே வைக்கவில்லை. "இன்னும் ஒரு இடம் பாக்கியிருக்கு" என்று இழுத்தார். என்னைப் பார்த்தார். மூலையைப் பார்த்துக் கும்பிட்டார். மேலே போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த மூலையில்தான், முன்பக்கம் மட்டும் திறந்த மரக்கூடாக, எங்கள் மாதா பீடம் இருக்கிறது. ரௌட்டரும் அதற்குள்தான் இருந்தது. அதைப் பொருத்த வந்த பையன் எங்கே வைக்க என்று கேட்டபோது, வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் மாதா காலடியில்தான் வைப்பேன் என்று சொல்லி, சுரூபத்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டேன். நீல விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். ஜெபத்துக்கு வருகிற பெண்கள் சீரியல் லைட் அழகாக இருக்கிறதே என்பார்கள். ஒரு முறை மெழுகுவர்த்தி சாய்ந்து பீடத்துப் பலகை கருகியதால், உள்ளே நாலு பக்கமும் என் வீட்டுக்காரர் தகரம் அடித்திருந்தார். நாங்கள் எத்தனையோ முறை ஜெபித்தும், தகரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணி. ஸ்டெல்லா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பீடத்தின் முன் முழந்தாளிட்டு, "தாயே, ஒரு வழி காட்டு" என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் செருமல் கேட்டது. மைனஸ் மாமா.

"அம்மா, உங்க மாதா கிட்ட நானும் ஒண்ணு கேக்கணும். நீங்க கேட்டு வாங்கிக் குடுத்தா நன்னாருக்கும்."

"என்ன மாமா?"

"அந்தப் பொட்டிய வெளில எடுத்துக்க ஒரு உத்தரவு. தகரத்துக்குள்ள வெச்சிருக்கேள். அலை வெளில வர முடியாம முட்டிண்டிருக்கு."

எனக்குச் சுரீரென்றது. "மூணு நாளா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க வெச்ச இடம் சாமி இடம். நான் யாரு கை வைக்க? நீங்களா எடுக்கணும்னு மூணு நாளா நானும் அவாகிட்டதான் வேண்டிண்டிருக்கேன்."

மாதா காலடியிலிருந்து எடுத்தால் ஆசீரும் கூடவே போய்விடுமோ என்று பயம் வந்தது. மணி பத்து நாற்பத்தைந்து. நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, "மன்னிச்சுக்கோ தாயே" என்று ரௌட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை நடைப்பகுதிக்குக் கொண்டுபோனார். ஒயர் அதுவரைதான் எட்டியது. லேப்டாப்பைப் பின்னறைக் கதவோரம் வைத்துவிட்டுப் பார்த்தார்; ரௌட்டரைக் கீழே வைத்தால் மைனஸ் எழுபத்திரண்டு. உயரத் தூக்கினால் அறுபதுக்குள் வந்தது. ஆனால் அங்கே பலகை இல்லை, ஆணி இல்லை. என் வீட்டுக்காரர் அச்சகத்து வேலைக்குப் போயிருந்தார். மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ரௌட்டரைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"மாமா, நாப்பது நிமிஷம் பேசுவாங்க!"

"பேசப்படாது. ஆரம்பிக்கச் சொல்லுங்கோ."

பதினொன்று அடித்தது. உள்ளே ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. பத்து நிமிஷத்தில் மாமாவின் கை தாழ ஆரம்பித்தது. சர்க்கரை நோயுள்ள மனிதர். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. நான் கைகொடுக்கப் போனால், "தண்ணிப்பை! தள்ளி!" என்று பல்லுக்கிடையில் சீறுகிறார்.

அப்போதுதான் கூடையோடு கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். என் உயிர் போயிற்று. சோறு, அடுப்பு, நடுங்கும் கோடு எல்லாம் கண்முன் வந்தன.

அவள் ஸ்டூலைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். கூடையை இறக்கினாள். நேராகப் போய், தொங்க ஆரம்பித்த அவருடைய வலது முழங்கையை அடியிலிருந்து தாங்கினாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். "அம்மா... உங்க கை..."

"மீனு கைதான். வுட்டுடட்டா?"

"ஐயோ, விடாதேள்!"

இனிமேல் என்ன தண்ணிப்பை! நான் ஓடிப்போய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றோம். கன்னியம்மாவின் வயிறு பசியில் ஒரு தரம் உரக்க உறுமியது. "பொட்டி கலையுதா?" என்று காதோடு கேட்டாள். மாமா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

கதவு திறந்தது. ஸ்டெல்லா எங்கள் கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கட்டே ஆகலம்மா. ஒரு தரம்கூட ஆகல."

மாமா இறங்கி நாற்காலியில் விழுந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் முதலில் லேப்டாப்பைத்தான் பார்த்தார். "மைனஸ் ஐம்பத்திநாலு. ரெண்டு தண்ணிப்பை ஒட்டிண்டு நின்னும் ஐம்பத்திநாலு. கணக்குப்படி வரப்படாதே..." என்று முனகி, பீடத்தின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

கன்னியம்மா கூடையைத் தூக்கினாள். "இப்பவாவது சோத்த சூடு பண்ணிக்கட்டா, நைனா?"

"தாராளமா! எவ்வளவு வேணா பண்ணிக்கோங்கோ!"

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்தது. போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நடைப்பகுதியில் என் வீட்டுக்காரர் ஒரு பலகை அடித்திருக்கிறார், சரியாக அந்த மனிதரின் தூக்கிய கை உயரத்துக்கு. ரௌட்டர் அதன் மேல் இருக்கிறது. சனிக்கிழமை மாதாவுக்கு வைக்கும் மல்லிகையில் ஒரு துண்டு அங்கேயும் வைக்கிறேன். மாமா புனேயில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது வரைபடத்தை என்னிடம் கொடுத்தார். வீடு முழுக்கப் பச்சை. பீடத்து மூலையில் மட்டும் சின்ன எழுத்தில், "இங்கே அளக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

தினம் மாலை ஜெபமாலை முடிவில், வேண்டுதலுக்குரியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். அவர் முறை வரும்போது எனக்குச் சொந்தப் பெயர் தெரியாததால், மைனஸ் மாமாவுக்காக என்றே சொல்லுகிறேன். மாதாவுக்கு ஆள் தெரியும்.