உலகத்திலேயே சிக்கனமான நோயாளி

“உலகத்திலேயே சிக்கனமான சிறுநீரக நோயாளி நீங்கதான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

எழுமலை ஊர்க்காரி ராமக்காளிடம் பொருளாதாரப் பேராசிரியர் செல்வக்குமார் இப்படிக் கேட்டபோது, அவள் கையில் இரண்டு ஊசியோடு டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். ஓட முடியாத நிலை. உலகப் பெருமைகள் ஓட முடியாதவர்களைத்தான் தேடி வரும்.

“தெரியாது சார்.”

அதைத் தெரிவிப்பதற்கென்றே அடுத்த வியாழக்கிழமை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ‘உலக நாடுகளில் டயாலிசிஸ்: ஒரு பொருளாதாரப் பார்வை’ என்ற மாபெரும் கருத்தரங்கு கூடியது. வியாழன் அவளுக்கு மெஷின் நாள். மதியம் பன்னிரண்டுக்குப் படுக்க வேண்டும். “பதினொண்ணுக்கே அனுப்பிருவோம்” என்று வாக்களித்த பேராசிரியர், எழுமலைக்கே கார் அனுப்பினார். மூன்று வருஷ வியாதியில் அவளுக்காக வந்த முதல் கார் அதுதான். புருஷன் மருதுவும் ஏறிக்கொண்டான்.

குத்துவிளக்கு ஏற்றவே பத்தே முக்கால் ஆனது. பிறகு ராமக்காளுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஓர் இளநீரைக் கொடுத்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இளநீர் ஆகவே ஆகாது. சிறுநீரகத்துக்கென்றே கூடிய சபையில் இதை யாரிடம் சொல்வது? மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் நாடுகள் கோடுகளாக எழுந்தன. அமெரிக்கா கூரையைத் தொட்டது. இந்தியாவைப் பார்க்க முன்வரிசையே எழுந்து நின்றது.

“ஏ புள்ள, அந்தக் குட்டைக் கோடு நீதானாம்” என்றான் மருது.

“அங்கெல்லாம் வாரம் மூணு தடவை டயாலிசிஸ்” என்று முழங்கினார் பேராசிரியர். “நம்ம ராமக்காள் ரெண்டே தடவையில முடிச்சுக்கிறாங்க. மூணாவதை நாட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்காங்க!”

கைதட்டல். துணைக்கு வரும் மருதுவின் கூலி மூன்றாவது நாளும் போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. அதற்குத் ‘தியாகம்’ என்று பெயர் இருப்பது இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

பதினொன்றே காலுக்கு நர்ஸ் தமிழ்வாணியின் போன். “எங்கக்கா இருக்கீக? பன்னெண்டுக்குள்ள வந்துருங்க. அடுத்த ஆளு வாசல்லயே நிக்கிறாரு. விட்டா இனித் திங்கக்கிழமைதான்.”

ராமக்காள் குனிந்து காலைப் பார்த்தாள். செருப்பு வார் வீக்கத்துக்குள் புதைந்திருந்தது. இப்போதே மூச்சு வாங்கியது. திங்கள் வரை தாங்காது.

மேடை ஓரத்துக்குப் போனாள். “சார், அந்தக் காரு...”

“அது சிறப்பு விருந்தினரைக் கூப்பிட ஏர்போர்ட் போயிருக்கும்மா. ஜெர்மனியில எல்லாம் நோயாளியை வண்டியே வந்து கூட்டிட்டுப் போகும். அந்தப் பகுதி இப்பத்தான் வரப்போகுது, இருந்து கேட்டுட்டுப் போங்க.”

“நேரமாச்சு சார்.”

“சரி, உங்க பேச்சை முதல்ல வச்சுக்குவோம்” என்று பெரிய மனது பண்ணி அவளை மேடையேற்றினார். “இந்தக் குறைஞ்ச செலவை இன்னும் எப்படிக் குறைக்கலாம்? ராமக்காளே சொல்லுவாங்க!”

மைக் நீண்டது. சபை காத்திருந்தது.

விடை ரொம்பச் சுலபம். இன்னும் அரை மணி நேரம் அவள் அங்கேயே நின்றால் போதும். இந்த வாரம் ஒரே தடவையாகிவிடும், கோடு பாதியாகும். அடுத்த வாரம் கோடே இருக்காது. அதற்கும் கைதட்டுவார்கள்.

ராமக்காள் இளநீரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். படியிறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.