காலத்தில் பின்னே போன சம்பந்தி

பேரன்புக்குரிய மச்சான் தனசேகரன் அவர்களுக்கு,

தெம்பனிசிலிருந்து மாசிலாமணி வணக்கத்துடன் எழுதுவது. மார்சிலிங்கில் நீங்களும் அக்காவும் நலம்தானே? உங்கள் முழங்கால் நலமில்லை என்பது தெரியும். இங்கே நானும் உங்கள் தங்கை பஞ்சவர்ணமும் உடம்புக்கு நலம், மனசுக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், கல்யாணக் குழுவில் சம்பந்தியும் இருக்கிறார், என் விரல் எங்கே போய் விழுமோ என்று பயம்.

சிராங்கூன் சாலை அச்சகத்தில், தாய்மாமன் என்று உங்கள் பெயர் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அந்தக் கல்யாணப் பத்திரிகையை உடனே நிறுத்துங்கள். காரணம், நம் இளமதிக்கு மாமனாராக வரப்போகும் பாசிர் ரிஸ் சுந்தரேசன் எழுதியிருக்கும் காலப்பயண நாவல். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் வெளியீடு, மதிப்புரை நான். கதாநாயகனும் அவரே, அவர் வீட்டு லிஃப்ட்தான் கால இயந்திரமாம். சோழர் காலத்துக்குப் போவார், கப்பலேறுவார் என்று பார்த்தால், அந்த லிஃப்ட் வருவதற்கே ஓர் அத்தியாயம் ஆகிறது, வந்த பிறகு மனுஷன் கோப்பி குடிக்கிறார், குடித்து முடித்துப் போய் இறங்குவது போன வருஷத் தீபாவளிக்கு! அதுவும் எதற்கு? லிட்டில் இந்தியா விளக்கு அலங்காரத்தில் மகன் ஒரு தெம்பனிஸ் பெண்ணைச் சந்திக்கவிருப்பதைத் தடுக்க! தடுத்தும்விடுகிறார். அந்தப் பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள், பேங்கில் வேலை, நம் இளமதியேதான். கதைதானே லா, விடுங்க என்கிறாள் உங்கள் தங்கை. “கதைன்னா ஏன் தெம்பனிஸ்? ஜூரோங்ல பொண்ணே இல்லையா?” என்று கேட்டேன். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்த பிறகு கல்யாணம் நின்றால் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? மாப்பிள்ளை அசோக் தம்பியின் பேச்சை எடுத்தாலே அவள் தனியாகச் சிரிக்கிறாள் மச்சான். மேடையிலேயே மைக்கைப் பிடித்து, பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க, நாவல் எழுதாதீங்க என்று சொல்லிவிடப்போகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. வீரமாகாளியம்மன்தான் நம் பெண்ணுக்குத் துணை.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட
மாசிலாமணி

பின்குறிப்பு: பத்திரிகையை அடிக்கச் சொல்லுங்கள். உறையை ஒட்டப்போகும்போது இளமதி வந்து, கடைசி அத்தியாயம் எப்படிப்பா என்றாள். பிரமாதம் என்றேன். எங்கே படித்தேன்? கொட்டாவி தாங்காமல் அதற்கு முன்பே மூடிவைத்துவிட்டேன். அவளே வாசித்துக் காட்டினாள். தடுத்த பிறகு மகன் வாடிக் கிடப்பதைப் பார்த்த அந்த மனுஷன் திரும்பவும் லிஃப்டில் ஏறிப் போய், அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, “எத்தனை தடவ திரும்பி வந்தாலும் எனக்கு மருமக நீதாம்மா” என்கிறார். வாசித்தவள் அழுதுவிட்டாள். நானும்தான். நாவல் மோசம், அதில் மாற்றமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அதை வானளாவப் புகழப்போகிறேன். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது.