ஏழாம் அறை தந்த மாதிரிக் கடிதம்

உலகத்தில் நாகரிகம் இரண்டே இடங்களில்தான் பிறந்தது. ஒன்று லண்டன். இன்னொன்று, திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியின் ஏழாம் எண் அறை. லண்டனை நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஏழாம் அறை என்னுடையது என்பதை மட்டும் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் அங்கே ஆங்கில விரிவுரையாளர். 1958-ஆம் ஆண்டு நான் கொண்டுவந்த ‘விடுதிக் கடித மேம்பாட்டுத் திட்ட’த்தைப் பற்றிச் சரித்திரம் பேசாமல் இருந்தால் அது சரித்திரத்தின் குற்றம். திட்டம் எளிமையானது. விடுதி மாணவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை என் அறைப் பெட்டியில் போட வேண்டும். நான் சிவப்பு மையால் திருத்திச் சனிக்கிழமை தருவேன். தேறிய கடிதம் மட்டும் என் கையால் தபாலுக்குப் போகும். தேறாதது மறுபடி எழுதப்படும்.

முதல்வருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. “பையன்களோட அப்பாமாருக்கு இங்கிலீஷ் தெரியாதே சார்?”

“அதுதான் சார் திட்டத்தின் சிறப்பே. தெரிந்தால் குறை கண்டுபிடித்துத் தொலைப்பார்கள்.”

முதல்வர் உடனே கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். எதை நீட்டினாலும் போடுவார்.

கடிதங்களோடு நிறுத்தினேனா? இல்லை. தை மாதத்தில் ஒருநாள், புகுமுக வகுப்பு மாணவர்களை நாகல் நகருக்கு நடத்திக்கொண்டு போனேன். கடைப் பலகைகளில் இருக்கும் ஆங்கிலத்தை உரக்க வாசிப்பது பயிற்சி. நாற்பது பேர் ஒரே குரலில் ஒரு பூட்டுக் கடைப் பலகையை வாசித்தபோது எதிரே வந்த மாட்டு வண்டி மிரண்டு சாக்கடையில் இறங்கிவிட்டது. ஆங்கிலத்தின் வலிமை அப்படி.

அந்தக் கூட்டத்தில் இருதயநாதன் என்ற பையன் வாசிக்காமல் நின்றான். சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். பூட்டுக் கடையிலிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவன் வெளியே வந்தான். பின்னாலேயே ஒரு பெண். இருதயநாதன் அவனைப் பார்த்து வெளிறிப் போனான். பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ கேட்டான். “அவரு சம்சாரம்தாம்ப்பா. பிள்ளைக்கு மூணு வயசு” என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. தமிழ் ஆனபடியால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பையன் என்னிடம் ஓடி வந்தான். “சார், எங்க அக்காவுக்கு...”

“ஆங்கிலத்தில்” என்றேன்.

வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். ஒன்றும் வரவில்லை. இந்த லட்சணத்தில் இவர்களுக்கெல்லாம் காலேஜ் ஒரு கேடு என்று எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பெட்டியில் அவனுடைய தபால் கார்டு கிடந்தது. முழுக்கத் தமிழ். விதிப்படி படிக்காமலே குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பினேன். விடுப்புக் கேட்டு ஒரு விண்ணப்பமும் வைத்திருந்தான். அதுவும் தமிழ், அதற்கும் ஒரு கோடு. அனுமதி இல்லாமல் விடுதி வாசலைத் தாண்டினால் படிப்புச் சலுகை போய்விடும். ஆகவே அவன் தாண்டவில்லை. ஒழுக்கம் என்றால் அது ஒழுக்கம்.

அடுத்த வாரம் ஆங்கிலத்தில் எழுதினான். நாலே வரி. ‘அப்பா, ஆனந்தமேரி அக்கா கல்யாணத்தை நிறுத்துங்கள். மாப்பிள்ளைக்கு மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன். கோவிலில் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்து முடிவதற்குள் சாமியாரிடம் சொல்லுங்கள்.’ அவர்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் அப்படி ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்களாம். ஊர்ச் சாமியாருக்கு ஆங்கிலம் தெரியும். கடிதத்தை அவர்தான் வாசித்துச் சொல்வாராம்.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். “இது கடிதமா, தந்தியா? நலம் விசாரித்தாயா? இயற்கை வர்ணனை எங்கே? எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது சந்தைக்கடைப் பழக்கம். கசப்பான செய்தியைக் கடைசியில், போகிற போக்கில் சொல்ல வேண்டும்.”

“சார், நாள் இல்ல சார்...”

“ஆங்கிலத்தில்.”

அழுதான். அழுகைக்கு மொழி கிடையாது என்பதால் அனுமதித்தேன்.

மூன்றாவது வாரம் அவன் தந்தது கடிதம் அல்ல, காவியம். மலைக்கோட்டையில் சூரியன் உதிக்கிறது. பறவைகள் பாடுகின்றன. விடுதிச் சாம்பாரின் மணம் ஒரு முழுப் பத்தி. தோட்டத்து மல்லிகை நலமா, பசு நலமா, அம்மாவின் முழங்கால் நலமா! ஏழாவது பத்தியில், நான் சொல்லிக்கொடுத்தபடியே, போகிற போக்கில் மாப்பிள்ளை வருகிறார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஒரு மல்லிகைக் கொல்லைக்காரன் மகனை மூன்றே வாரத்தில் கனவான் ஆக்கிவிட்டேனே!

சனிக்கிழமை, “தேறிவிட்டது” என்றேன். பையன் முகம் மலர்ந்தது. “போயிரும்ல சார்?” என்று தமிழில் கேட்டான். சந்தோஷத்தில் கேட்டதால் மன்னித்தேன். அன்று இரவு மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான் என்று விடுதிச் சமையற்காரர் புகார் சொன்னார்.

கடிதம் போகவில்லை. எப்படிப் போகும்? புதன்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது. இப்படி ஒரு மாணிக்கத்தைத் தபால் பெட்டியில் போட நான் என்ன பைத்தியமா? கண்ணாடிச் சட்டம் போட்டு, ‘மாதிரிக் கடிதம்’ என்று தலைப்பிட்டு, மண்டபத்து நடுச் சுவரில் மாட்டினேன்.

குழுவினர் மூவர். மூவரும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்கள்.

“சாம்பார்ப் பத்தி பிரமாதம்” என்றார் தலைவர்.

“அந்த ஏழாம் பத்தியில் எவ்வளவு நிதானம்!” என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவருக்குக் காது கேட்காது. அவரும் ஆமோதித்தார்.

எழுதியவனைப் பாராட்ட விரும்பினார்கள். இருதயநாதனை அழைத்து வந்து சுவரருகே நிறுத்தினேன். சட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தான். அசல் தாள், அவன் கையெழுத்து.

“ஐயையோ சார், இது இன்னும் போகலையா? இன்னிக்குத்தான் சார் கல்யாணம்!”

ஆய்வுக் குழு முன்னிலையில், மண்டபம் அதிர, தமிழில்! எனக்கு உயிர் போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பையன் வாசலைத் தாண்டி ஓடியிருந்தான். அன்று மாலையே விடுதியிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டது. உத்தரவு ஆங்கிலத்தில், நான் எழுதியது. அழகான உத்தரவு.

பத்து நாள் கழித்து ஒரு நடுவயதுக்காரர் ஏழாம் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

“சார், நான் சிலுவைமுத்து. இருதயநாதனோட அப்பா.”

அறையில் தமிழ் தடை. ஆனாலும் விருந்தினர் என்று சலுகை தந்தேன்.

“பய வந்து சேர்ந்தப்ப பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு சார். தாலி ஏறி ரெண்டு மணி நேரம் ஆச்சு. மூணாம் நாளு அந்தப் பொம்பள பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிது. எம் மக திரும்பி வந்து மூலையில உக்காந்திருக்கா. சோறு தண்ணி இல்ல. வயிறு எரியுது சார்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இவன் மூணு தடவ எழுதுனேங்கிறான். நான் நம்பல. ‘தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டியேலே’ன்னு கை ஓயுற மட்டும் அடிச்சிட்டேன். அவன் எழுதுனது நெசமா?”

“நிஜமாவா! வாருங்கள்” என்று மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். சட்டத்தைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவர், கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

“இதுல மாப்பிள்ள சேதி இருக்கா சார்?”

“ஏழாம் பத்தியில்.”

“இத நீங்க படிச்சீகளா?”

“வரிக்கு வரி.”

“கல்யாணத்துக்கு முன்னயா?”

“நான்கு நாளைக்கு முன்பே.”

“படிச்சிட்டு என்ன சார் செஞ்சீக?”

“மார்க் போட்டேன். பத்துக்கு எட்டு. இந்தக் கல்லூரியில் யாருக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.”

சிலுவைமுத்து கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். “அம்புட்டும் நல்லா எழுதியிருக்கான்னு சொல்றீக. அப்ப அந்த ரெண்டு மார்க்க எதுக்குக் கொறச்சீக?”

நியாயமான கேள்வி. ஆசிரியன் கடமை மறைக்காமல் சொல்வது.

“எழுத்தில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது” என்றேன்.