தவக்காலத்துக் கோலா உருண்டை

தவக்காலம் முடிகிறவரை கறியைத் தொடுவதில்லை என்று அருளானந்தம் சபதம் செய்ததுதான் தாமதம், மனைவி இருதயமேரி ரெட்டியார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கொலஸ்ட்ரால் இருநூற்று எண்பதில் நிற்கிற மனுஷனுக்கு வேறென்ன வழி?

சபதம் நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் சாயங்காலம், காய்கறி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தவளக்குப்பத்துக்கு விட்டார். அங்கே சலீமாவின் தள்ளுவண்டியில் மட்டன் கோலா உருண்டை பொரிந்துகொண்டிருந்தது.

அவருக்குத் தைரியம் கொடுத்ததே டாக்டரம்மா சுலோசனா எழுதித் தந்த பவுடர்தான். "கொலஸ்ட்ராலை வச்சுத்தான் கல்லீரல் பித்தநீர் செய்யுது. குடல்ல வேலை முடிஞ்சதும் அது திரும்பி வந்துடும். இந்தப் பவுடர் அதைத் திரும்ப விடாம வெளிய தள்ளிடும். புதுசாப் பித்தநீர் செய்யணுமே, அதுக்குக் கல்லீரல் ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை இழுத்துக்கும்" என்று விளக்கியிருந்தார். அருளானந்தம் தமக்குத் தோதாகப் புரிந்துகொண்டார். பவுடர் வெளியே தள்ளும், நாம் உள்ளே தள்ளலாம்.

ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், எண்ணெய் வாசம் போகாத கைகளைக் குவித்து முழந்தாளிட்டார். பக்கத்து வீட்டு ஜூலியன் காதோரம் வந்து, "ஒங்களப் பாத்துத்தாண்ணே நானும் கறிய விட்டுட்டேன்" என்றான். அருளானந்தத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள், தினம் தின்கிற பத்துக்குப் பதில் ஆறு உருண்டையோடு நிறுத்திக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ரத்தப் பரிசோதனை. இருநூறு!

"சபாஷ் சார்!" டாக்டரம்மா பூரித்துப்போனார். "கறிய விட்டதே பாதி வேலைய முடிச்சிருக்கு. பவுடரைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம்."

அருளானந்தம் நாற்காலி நுனிக்கு வந்தார். பவுடர் இல்லாவிட்டால் தின்ற மட்டனெல்லாம் எங்கே போய் அடைத்துக்கொள்ளுமோ? சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிரே போகும்.

"நிறுத்தாதீங்க டாக்டர்" என்றார், கூட வந்திருந்த மனைவி பக்கம் திரும்பாமலே. "நான் தெனம்... கோலா உருண்டை..."

"எங்க?" என்றாள் இருதயமேரி.

"தவளக்குப்பத்துல."

"மட்டனா?"

"மட்டன்தான்."

காது மடல் கொதித்தது. மேசைக்கு அடியில் நுழைந்துகொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்தார். அவள் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க நிறுத்துங்க டாக்டர்" என்றாள் இருதயமேரி. "சலீமா எங்கூட தையல் படிச்சவ. மொத நாளே போன் பண்ணிட்டா. மறுநாள்லேர்ந்து இவரு தின்னதெல்லாம் சோயா மீல்மேக்கரு."